சட்டைப்பைக்குள் ஒரு புல்டாக்: குட்டி ரிவால்வரும் பெரிய தோட்டாவும்

1881-ஆம் ஆண்டு ஜூன் மாதம். வாஷிங்டன் நகரத்தில் ஒரு துப்பாக்கிக் கடை. உள்ளே நுழைந்தவர் பெயர் சார்லஸ் கிட்டோ. வக்கீல் வேலை, மதப் பிரசாரம், கடன் வசூல் என்று பல தொழில் பார்த்து எதிலும் தேறாத மனிதர். கையில் இருந்தது கடன் வாங்கிய 15 டாலர். துப்பாக்கிப் பழக்கம் கிடையாது. அவர் பார்த்தது 'பிரிட்டிஷ் புல்டாக்' என்ற வகை ரிவால்வர். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, ஆனால் வாய் மட்டும் .44 அளவு. அதில் சாதாரண மரக் கைப்பிடியும் உண்டு, அலங்காரக் கைப்பிடியும் உண்டு. அலங்காரத்துக்கு 1 டாலர் கூடுதல். கிட்டோ அங்கே நின்று யோசித்தது என்ன தெரியுமா? பிற்காலத்தில் அருங்காட்சியகத்தில் வைத்தால் எது பார்க்க நன்றாக இருக்கும் என்று!

அடுத்த மாதம் 2-ஆம் தேதி அதே ரிவால்வரால் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சுட்டார்.

இந்தச் சம்பவத்தைப் படித்தபோது எனக்கு வந்த கேள்வி வேறு. சட்டைப்பையில் போடும் அளவுக்குச் சின்னத் துப்பாக்கி, அதில் அவ்வளவு பெரிய தோட்டா. இப்படி ஒரு பொருளை யார், எதற்காகச் செய்தார்கள்? யாருக்கு விற்றார்கள்? நிஜத்தில் அது வேலை செய்ததா? தேடிப் படிக்கப் படிக்க, இது இரும்பின் கதையாக மட்டும் தெரியவில்லை, பயத்தின் கதையாகவும் தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு

.44 என்றால் தோட்டாவின் விட்டம் அங்குலத்தில் நூற்றுக்கு 44 பங்கு. நம் அளவில் சுமார் 11 மில்லிமீட்டர். .22 என்றால் அதில் பாதி. விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும், இது பத்தாம் வகுப்புக் கணக்கு.

19-ஆம் நூற்றாண்டில் இருந்தது கருமருந்து. எரிந்தால் ஒரே புகை, வேகமோ குறைவு. குட்டைக் குழலில் அது முழுதாக எரிவதற்குள் குண்டு வெளியே போய்விடும். ஆக, சின்னத் துப்பாக்கியில் குண்டின் வேகத்தைக் கூட்ட வழியில்லை. அடி பலமாக விழ வேண்டுமென்றால் குண்டையே பெரிதாக்க வேண்டும். பெரிய தோட்டா மேல் அந்தக் காலத்து மக்களுக்கு இருந்த ஆசைக்கு அடிப்படை இதுதான்.

சின்னக் குண்டுத் துப்பாக்கிகளும் இருந்தன. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் 1857-இல் .22 அளவில் ஏழு குண்டு ரிவால்வர் ஒன்றைக் கொண்டுவந்தது. நன்றாக விற்றது, ஆனால் மரியாதை கிடைக்கவில்லை. எழுத்தாளர் மார்க் ட்வைன் தன் மேற்குப் பயணத்தைப் பற்றி 1872-இல் வெளியிட்ட புத்தகத்தில் அதை வயிறு குலுங்கச் சிரிக்கும்படி கிண்டல் செய்திருக்கிறார்.

அப்படியானால் பெரிய துப்பாக்கியே வாங்க வேண்டியதுதானே? ராணுவத்துக்குச் செய்த ரிவால்வர் ஒன்று 1 கிலோவுக்கும் மேல் இருக்கும். குதிரை வீரன் இடுப்பில் தொங்கவிடலாம். கோட்டுப் போட்ட வியாபாரி, ரயில் பயணி, வாடகை வசூலிக்கப் போகும் ஏஜென்ட் எல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா?

ஒரே ஒரு குண்டு

இந்தச் சிக்கலுக்கு முதலில் பேர் பெற்ற விடை ஃபிலடெல்ஃபியாவில் கிடைத்தது. ஹென்றி டெரிஞ்சர் என்ற துப்பாக்கித் தொழிலாளி செய்த பாக்கெட் பிஸ்டல். உள்ளங்கைக்குள் அடங்கும், குண்டு பெரிது. ஆனால் ஒரே ஒரு குண்டுதான்! 1865 ஏப்ரல் 14 அன்று ஃபோர்டு நாடக அரங்கில் ஆபிரகாம் லிங்கனைச் சுட ஜான் வில்க்ஸ் பூத் பயன்படுத்தியது இதைத்தான். சுட்டு முடித்ததும் துப்பாக்கியால் இனி பயனில்லை என்று கீழே போட்டுவிட்டு, தடுக்க வந்த மேஜர் ராத்போனைக் கத்தியால் கிழித்தான் பூத். பாக்கெட் பிஸ்டலின் பலம், பலவீனம் இரண்டும் அந்த ஒரு நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

டெரிஞ்சரின் பெயர் ஊரெல்லாம் பரவி, யார் செய்த குட்டித் துப்பாக்கிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் வனஸ்பதி எல்லாமே 'டால்டா' ஆன மாதிரி.

பர்மிங்காமிலிருந்து வந்த நாய்

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் வெப்லி நிறுவனம் இருந்தது. 1868-இல் அயர்லாந்தின் போலீஸ் படையான ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி அவர்களுடைய ரிவால்வர் ஒன்றை ஏற்றுக்கொண்டது. அதையே இன்னும் குறுக்கி 1872-இல் வெப்லி விற்பனைக்குக் கொண்டுவந்ததுதான் 'பிரிட்டிஷ் புல்டாக்'. குழல் இரண்டரை அங்குலம்தான். சுழலும் உருளையில் ஆறு குண்டுக்குப் பதில் ஐந்து. ஏன் ஐந்து? பெரிய தோட்டா ஆறை வட்டமாக வைத்தால் உருளை தடித்துவிடும், பாக்கெட்டில் புடைக்கும். ஒன்றைக் குறைத்தால் உடம்பு மெலியும். கைப்பிடியும் பறவையின் அலகு மாதிரி வளைந்து உருண்டிருக்கும், துணியில் மாட்டாமல் வெளியே வருவதற்காக. குட்டை மூக்கு, பலமான கடி. பெயர் பொருத்தம்தான்.

இந்த அமைப்பு எவ்வளவு பிரபலமானது என்றால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரப் பட்டறைகள், அமெரிக்காவின் ஃபோர்ஹேண்ட் அண்டு வாட்ஸ்வொர்த், ஐவர் ஜான்சன் என்று ஆளாளுக்கு நகல் எடுத்தார்கள். தரம் ஆளுக்கு ஆள் மாறியது. விலை இறங்கியது. 'புல்டாக்' என்பது கம்பெனி பெயராக இல்லாமல் ஒரு ரகத்தின் பெயரானது. ராணுவத்துக்காகச் செய்து மிச்சத்தை மக்களுக்கு விற்ற பொருள் இல்லை இது. ஆரம்பத்திலிருந்தே தனி மனிதனின் கோட்டுப் பைக்காக, அவனுடைய பயத்துக்காகச் செய்தது.

எந்தக் கைத்துப்பாக்கி கௌரவமானது?

இன்று அமெரிக்கா என்றால் யார் வேண்டுமானாலும் துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகலாம் என்று நாம் நினைக்கிறோம். 19-ஆம் நூற்றாண்டில் நிலைமை நேர் எதிர்! கென்டக்கி, லூசியானா மாநிலங்கள் 1813-லேயே ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்லத் தடை போட்டன. பிறகு பல மாநிலங்கள் அதே வழியில் போயின. வெளியே தெரியும்படி ஆயுதம் வைத்திருப்பவன் நேர்மையானவன், கோட்டுக்குள் ஒளிப்பவன் கெட்ட எண்ணம் உள்ளவன் என்பது அன்றைய பார்வை.

டென்னசி மாநிலம் 1879-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. ராணுவமும் கடற்படையும் பயன்படுத்தும் வகைப் பெரிய ரிவால்வர்களைத் தவிர மற்ற கைத்துப்பாக்கிகளை விற்கவே கூடாது என்று சட்டம். 1881-இல் ஆர்கன்சாவும் இதைப் பின்பற்றியது. அங்கே அந்தப் பெரிய துப்பாக்கியையும் மூடாமல் கையில் பிடித்தபடிதான் எடுத்துப் போக வேண்டும்! கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ராணுவ ரிவால்வர் விலை அதிகம், மலிவு நகல்கள் ஏழைகளுக்கு எட்டும். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளையிலிருந்து விடுதலையான கறுப்பின மக்களுக்கும் எட்டும். அவர்களுக்குத் துப்பாக்கி போகக் கூடாது என்பதே இந்தச் சட்டங்களின் உள்நோக்கம் என்று வாதிடும் வரலாற்று ஆய்வாளர்கள் உண்டு. தன் வீட்டுக்கு முன்னால் முகமூடிக் கும்பல் நிற்கும் என்று பயப்பட, அன்று யாரையும்விட அதிகக் காரணம் இருந்தது அந்த மக்களுக்குத்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நம் நாட்டிலும் இதே காலத்தில் இதே கதை. 1878-இல் வைஸ்ராய் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டப்படி இந்தியர்கள் ஆயுதம் வைக்க லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியர்களுக்கு விதிவிலக்கு. ஆக, பயம் எல்லோருக்கும் பொது, பயத்துக்கு மருந்து வாங்கும் உரிமை மட்டும் சிலருக்கு!

அந்தப் பெரிய குண்டு என்ன செய்தது?

மறுபடி வாஷிங்டனுக்கு வருவோம். 1881 ஜூலை 2 காலை, பால்டிமோர் அண்டு பொடோமாக் ரயில் நிலையம். கார்ஃபீல்டு வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருக்குப் பாதுகாவலர் யாரும் கிடையாது. பாரிஸில் தூதரகப் பதவி தனக்குக் கிடைக்க வேண்டியது என்று நம்பி ஏமாந்த கிட்டோ பின்னாலிருந்து இரண்டு முறை சுட்டார். ஒன்று கையை உரசிப் போனது. இன்னொன்று முதுகில் பாய்ந்தது.

அவ்வளவு பெரிய குண்டு, அவ்வளவு கிட்டத்தில். ஆனாலும் கார்ஃபீல்டு உடனே இறக்கவில்லை. குண்டு முதுகெலும்பைத் துளைத்தும் தண்டுவடத்தைத் தொடாமல் கணையத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. அதை அப்படியே விட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்று பின்னாளில் பல மருத்துவர்கள் கருதினார்கள். லிஸ்டர் கிருமிநாசினி முறையை 1867-லேயே வெளியிட்டுவிட்டார். அமெரிக்க டாக்டர்கள் பலர் நம்பவில்லை. டாக்டர் பிளிஸ் தலைமையில் கழுவாத விரல்களையும் கருவிகளையும் காயத்துக்குள் விட்டு மறுபடி மறுபடி குண்டைத் தேடினார்கள். தொலைபேசி கண்டுபிடித்த கிரகாம் பெல் உலோகத்தைக் கண்டறியும் கருவி ஒன்றைச் செய்து கொண்டுவந்தார். கட்டிலில் இருந்த இரும்பு ஸ்பிரிங்குகள் குழப்பின. போதாக்குறைக்கு, குண்டு வலது பக்கம் இருப்பதாக டாக்டர் பிளிஸ் அடித்துச் சொன்னதால் அந்தப் பக்கம் மட்டுமே தேடினார்கள். குண்டு இருந்தது இடது பக்கம்! சீழ் பிடித்து, உடல் இளைத்து, செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்தார்.

நீதிமன்றத்தில் கிட்டோ, ஜனாதிபதியைக் கொன்றது டாக்டர்கள்தான், நான் சுட மட்டுமே செய்தேன் என்று வாதாடினார். எடுபடவில்லை. 1882 ஜூன் 30 அன்று தூக்கு.

இதிலிருந்து தெரிவது என்ன? குட்டைக் குழலில் கருமருந்து தள்ளிய பெரிய குண்டு, அகலம் இருந்தும் வேகம் இல்லாத குண்டு. வாங்குபவர்கள் நினைத்த மாதிரி அது மந்திரம் இல்லை. எங்கே பட்டது, எவ்வளவு ஆழம் போனது என்பதுதான் முடிவு செய்தது.

நியூட்டன் விடமாட்டார்

19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் புகையில்லா வெடிமருந்து வந்துவிட்டது. கூடவே மெல்லிய தானியங்கி பிஸ்டல்கள். லியேஜுக்குப் பக்கத்தில் ஹெர்ஸ்டாலில் இருந்த எஃப்.என். தொழிற்சாலை பிரவுனிங் பிஸ்டல்களைச் செய்து குவித்தது. புல்டாக் நகல்கள் பிறந்த அதே வட்டாரம்தான். (1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்துப் பிரவுனிங்கால்தான். முப்பது வருடத்தில் பாக்கெட் ஆயுதம் எப்படி மாறியது என்பதற்கு நமக்குத் தெரிந்த சாட்சி.)

இதோடு பெரிய குண்டு ஆசை ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை! பிலிப்பைன்ஸ் போரில் .38 ரிவால்வர்கள் எதிரியை நிறுத்தவில்லை என்று அமெரிக்க ராணுவத்தில் புகார். 1904-இல் தாம்சன், லகார்டு என்ற இரு அதிகாரிகள் சிகாகோ இறைச்சிக் கூடங்களில் மாடுகள் மீதும், தனியே மனிதச் சடலங்கள் மீதும் சுட்டுப் பார்த்து, .45-க்குக் குறைந்த கைத்துப்பாக்கி ராணுவத்துக்கு ஆகாது என்று அறிக்கை கொடுத்தார்கள். 1907-இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் '.44 ஸ்பெஷல்' தோட்டாவைக் கொண்டுவந்தது.

1920-களில் கோல்ட் கம்பெனி ஊழியர் ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்டு இன்னொன்று செய்தார். கோல்ட் ரிவால்வர்களை எடுத்து, குழலை 2 அங்குலமாக வெட்டி, சுத்தியலின் கொம்பை நீக்கி, விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தின் முன்பாதியையும் அறுத்துவிட்டார். எல்லாம் பாக்கெட்டிலிருந்து சட்டென்று எடுக்க. .45 அளவுப் பெரிய ரிவால்வர்களைக்கூட அவர் விடவில்லை. ஆனால் வளையம் இல்லாத விசையில் துணி மாட்டினால் என்ன ஆகும்? 1927-இல் கோல்ட் கடைக்குக் கொண்டுவந்த 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' அளவான .38 ஆகவும், வளையம் முழுசாகவும் இருந்தது. போலீஸ் துப்பறிவாளர்களும் அதைத்தான் விரும்பி வாங்கினார்கள்.

பெரிய தோட்டாவைச் சின்னத் துப்பாக்கியில் போட்டால் எங்கே இடிக்கும்? நியூட்டனின் மூன்றாம் விதியில். .44 ஸ்பெஷலின் குண்டு சுமார் 16 கிராம். நொடிக்கு 220 மீட்டரில் போகிறது என்று வையுங்கள். துப்பாக்கி 1.1 கிலோ என்றால் அது பின்னால் வரும் வேகம் நொடிக்கு சுமார் 3.2 மீட்டர். துப்பாக்கியை 540 கிராம் ஆக்கினால் அதே வேகம் 6.5 மீட்டர். எடையைப் பாதியாக்கினால் கையை உதைக்கும் ஆற்றல் இரண்டு மடங்கு ஆகிவிடும். (வெடிமருந்து வாயுவின் பங்கை நான் சேர்க்கவில்லை, அது இன்னும் கூட்டும்.) வலிக்கும் துப்பாக்கியோடு யாரும் பயிற்சி செய்வதில்லை. பயிற்சி இல்லாதவன் குண்டு குறியில் படுவதில்லை.

உதை கையோடு நிற்பதும் இல்லை. 1999 வாக்கில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் டைட்டானியம் உருளை போட்ட 296 என்ற லேசான .44 ரிவால்வரை விற்றது. அதன் மேலேயே 200 கிரெயினுக்கு மேற்பட்ட குண்டு போடாதே என்று பொறித்திருந்தார்கள். காரணம், சுடும்போது துப்பாக்கி பின்னால் துள்ளும் வேகத்தில், சுடாமல் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் உறையிலிருந்து முன்னால் நகர்ந்து உருளையையே சுற்றவிடாமல் செய்துவிடும்!

இரண்டாவது புல்டாக்

அந்த 540 கிராம் கணக்கு நான் சும்மா எடுக்கவில்லை. 1973-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துச் சார்ட்டர் ஆர்ம்ஸ் நிறுவனம் கிட்டத்தட்ட அந்த எடையில் ஐந்து குண்டு .44 ஸ்பெஷல் ரிவால்வர் ஒன்றை வெளியிட்டது. பெயர்? புல்டாக்! நூறு வருடம் கழித்து அதே யோசனை, அதே ஐந்து குண்டு, அதே பெயர். தற்காப்புக்கு மறைத்து வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் மத்தியில் நன்றாக விற்றது.

அதற்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்ததோ வேறொருவன். 1976 ஜூலை முதல் 1977 ஜூலை வரை நியூயார்க்கில் டேவிட் பெர்கோவிட்ஸ் இரவுகளில் காரில் உட்கார்ந்திருந்த இளைஞர்களைச் சுட்டான். ஆறு பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். ரிவால்வர் காலி உறைகளைக் கீழே போடாது என்பதால் தடயம் குறைவு. ஆனால் அபூர்வமான .44 குண்டுகள் வெவ்வேறு இடங்களில் கிடைத்ததால்தான் எல்லாம் ஒரே ஆளின் வேலை என்று போலீஸ் இணைத்தது. பத்திரிகைகள் அவனுக்கு வைத்த முதல் பெயரே '.44 காலிபர் கொலையாளி'. கடைசியில் மாட்டிவிட்டது தண்ணீர்க் குழாய் அருகே கார் நிறுத்தியதற்கு விழுந்த அபராதச் சீட்டு. 1977 ஆகஸ்ட் 10 அன்று கைதானான்.

பெரிய குண்டு பற்றிய விவாதத்துக்கு 1986 ஏப்ரல் 11 மியாமி துப்பாக்கிச் சண்டை மறுபடி உயிர் கொடுத்தது. இரண்டு எஃப்.பி.ஐ. ஏஜென்டுகள் இறந்தார்கள். 1989-இல் வந்த எஃப்.பி.ஐ. அறிக்கை ஆளைத் தூக்கி எறியும் கைத்துப்பாக்கி என்று எதுவும் இல்லை, குண்டு முக்கிய உறுப்பை எட்ட வேண்டும் என்பதுதான் முதல் விஷயம், அகலம் அதற்குப் பிறகு என்ற கருத்தைச் சொன்னது. கார்ஃபீல்டின் பிரேதப் பரிசோதனை மேஜையிலேயே இந்தப் பாடம் இருந்தது. 108 வருடம் ஆயிற்று.

யாருக்கு விற்கிறோம்?

சட்டம் இன்று தலைகீழ். 1987-இல் ஃபுளோரிடா, தகுதி உள்ளவர் கேட்டால் மறைத்துச் செல்லும் அனுமதியைக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் செய்தது. மற்ற மாநிலங்கள் தொடர்ந்தன. 2022-இல் நியூயார்க்கின் பழைய கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 முடிவில் 29 மாநிலங்களில் அனுமதிச் சீட்டே தேவையில்லை. 1813-இல் சந்தேகத்துக்குரியவனாக இருந்த, கோட்டுக்குள் ஒளித்தவன், இப்போது சாதாரணக் குடிமகன்.

நான் கவனித்த விஷயம் இதுதான். 1872-இலும் சரி, 1973-இலும் சரி, துப்பாக்கி செய்தவர்கள் மனதில் இருந்த வாடிக்கையாளர் இருட்டுத் தெருவில் தனியாக நடக்கும் பயந்த மனிதர். அவருக்காகத்தான் குழலைக் குறைத்தார்கள், ஒரு குண்டைக் குறைத்தார்கள், கைப்பிடியை உருட்டினார்கள். அப்படி வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஒருமுறைகூட ஆளைச் சுடாமலே வாழ்ந்து முடித்திருப்பார்கள். அவர்களை வரலாறு எழுதவில்லை. ஆனால் பயந்தவனுக்கு உதவும் ஒவ்வொரு அம்சமும் (சிறிய உருவம், சட்டென்று எடுப்பது, கிட்டத்தில் பலமான அடி) பயமுறுத்துகிறவனுக்கும் அப்படியே உதவியது. கடைக்காரருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. கிட்டோவும் அவருக்கு ஒரு சாதாரண வாடிக்கையாளர்தான், கைப்பிடிக்குக் கூடுதல் 1 டாலரைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றவர்.

ஒரு கடைசித் தகவல். லிங்கனைச் சுட்ட டெரிஞ்சர் இன்றும் ஃபோர்டு அரங்கக் காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்காகவே பார்த்துப் பார்த்து வாங்கிய கிட்டோவின் ரிவால்வர்? ஸ்மித்சோனியன் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. துப்பாக்கி தொலைந்துபோய்விட்டது.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள் நண்பர்களே. முக்கியமாக அந்த நியூட்டன் கணக்கை யாராவது இயற்பியல் மாணவர்கள் சரிபார்த்துச் சொன்னால் மகிழ்ச்சி!